முதல் ஸ்போர்ட்ஸ் கூபே: பார்த்து வாங்குவது முதல் வளைவில் ஓட்டுவது வரை

கைக்கெட்டும் விலையில் ஸ்போர்ட்ஸ் கூபே வாங்கும் புதியவர்கள் பலர் முதல் மாதமே சைலன்சருக்கும் பெரிய வீலுக்கும் பணத்தைக் கொட்டிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தேய்ந்த டயரும் கருத்த பிரேக் ஆயிலுமாக மழையில் வழுக்கி நிற்கிறார்கள். பணம் போக வேண்டிய வரிசை வேறு: முதலில் டயர், அடுத்து ஆயில்களும் பிரேக்கும், அதற்கடுத்து ஓட்டப் பழகுவது. பவர் கூட்டுவதெல்லாம் கடைசி.

இங்கே முக்கிய உதாரணமாக டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற இரட்டையரை எடுத்துக்கொள்கிறோம். 2012-இல் விற்பனைக்கு வந்த இரண்டும் அடிப்படையில் ஒரே வண்டி; ஜப்பானில் சுபாருவின் குன்மா ஆலையில் தயாரானவை. முன்னால் தாழ்வாகப் படுத்த நான்கு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், 1,250 கிலோ சுற்றி எடை. பழைய வண்டிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன, உதிரிபாகமும் எளிதில் கிடைக்கிறது. டொயோட்டா செலிகா, ஹோண்டா இன்டெக்ரா போன்ற முன்சக்கர இயக்க கூபேக்களும் நல்ல தொடக்கம்தான். மழையில் கொஞ்சம் கூடுதலாக மன்னிக்கும். மஸ்டா ஆர்எக்ஸ்-8 மலிவாகக் கண்ணில் பட்டால் மட்டும் நிதானியுங்கள். அதன் ரோட்டரி எஞ்சின் இயல்பிலேயே ஆயில் குடிக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷன் சோதிக்காமல் அதை வாங்கவே கூடாது.

வாங்கப் போகும்போது

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வரும் முன்பே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் புகையும் சொல்லும் அளவுக்குப் பேப்பர்கள் சொல்லாது.

இந்த இரட்டையரின் 2 லிட்டர் எஃப்ஏ20 எஞ்சின் ஐட்லில் ஓடும்போது சில் வண்டு கத்துவதைப் போல ஒரு சத்தம் வரும். அது உயர் அழுத்த ஃப்யூயல் பம்பின் சத்தம். அதைக் கேட்டுப் பயந்து நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள். ஆக்சிலரேட்டரைக் கூட்டக் கூட அடியிலிருந்து கனமாகத் தட்டும் சத்தம் வந்தால் அது பேரிங் தட்டல். பேரத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்பலாம்.

2012, 2013 தயாரிப்புகளில் வால்வ் ஸ்பிரிங் உடையலாம் என்று 2018 நவம்பரில் அவை திரும்ப அழைக்கப்பட்டன. மாற்றுவது சின்ன வேலை இல்லை. எஞ்சினை வெளியே எடுத்து, முன்பக்க மூடியைப் பிரித்து, திரும்ப சீலன்ட் பூசி மூட வேண்டும். பூசிய சீலன்ட் அதிகமானால் உள்ளே பிதுங்கி, துணுக்காக உடைந்து ஆயில் வழியை அடைக்கும். அதனால் மூன்று விஷயம் கேளுங்கள்: அந்த வேலை நடந்ததா, எந்தத் தேதியில், அதன்பின் எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது. வேலை முடிந்து பல ஆயிரம் கி.மீ. சத்தமில்லாமல் ஓடிய வண்டி, நேற்றுத்தான் வேலை முடிந்த வண்டியைவிட நம்பிக்கையானது.

எஞ்சினின் முன்மூடி ஓரங்களிலும் கேம் பகுதி மூடிகளின் மூலைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமாகப் பளபளக்கும் கசிவு இந்த எஞ்சினில் வழக்கமாகக் காண்பது. லேசான வியர்வை என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம்; சொட்டினால் வேலைக்கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கிளட்ச்சுக்கு ஒரே சோதனை போதும். காலியான சாலையில் நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். முள் மட்டும் சட்டென்று ஏறி வண்டியின் வேகம் அதோடு ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. பெடலை மிதிக்கும்போது சத்தம் தொடங்கினாலோ மாறினாலோ ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஆரம்ப ஆண்டு வண்டிகளில் அது சீக்கிரம் போகும். பேரிங் சின்னப் பொருள்தான். ஆனால் அதற்காகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், இறக்கும்போதே பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், ஃபோர்க் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் லாபம்.

டிரிஃப்ட் (பின்சக்கரங்களை வேண்டுமென்றே நழுவவிட்டு ஓட்டுவது) விளையாடிய வண்டி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பின்சக்கர வளைவின் உள்ளே உருகி ஒட்டிய ரப்பர் துணுக்குகள், முன்னும் பின்னும் வேறு வேறு கம்பெனி டயர்கள், பம்பர் ஓரங்களில் பிளாஸ்டிக் டேக் கட்டிய துளைகள், தளர்ந்த ஹேண்ட்பிரேக் எல்லாம் அதன் தடயங்கள். உறுதி செய்ய, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுழன்றால், இரு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் சரி. இரண்டும் பூட்டியதுபோல நின்று, நியூட்ரலில் மட்டும் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தே சுழன்றால் உள்ளே வெல்டிங் செய்திருக்கிறார்கள்.

டர்போ ஏற்றிய வண்டியை முதல் வண்டியாக வாங்க வேண்டாம். எஃப்ஏ20-இன் கம்ப்ரஷன் விகிதமே 12.5:1. அதன்மேல் பூஸ்ட் ஏற்றும்போது ட்யூனிங்கில் சின்னப் பிழை நேர்ந்தாலும் கனெக்டிங் ராடு வளையும். நன்றாக ட்யூன் செய்த டர்போ வண்டிகளும் உண்டு, ஆனால் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் அனுபவம் இரண்டாவது வண்டிக்குள்தான் வரும்.

முதல் வாரத்தில் மாற்ற வேண்டியவை

பழைய வண்டியில் கடைசியாக எப்போது எதை மாற்றினார்கள் என்று ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஆயில் வீட்டிலேயே மாற்றலாம். எஃப்ஏ20-க்கு 0டபிள்யூ-20 சிந்தெட்டிக், ஃபில்டரோடு சேர்த்து 5.4 லிட்டர். ஐந்து நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பானதும் நிறுத்தி, வண்டியை ராம்ப் மீது ஏற்றி ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஜாக்கியில் தூக்கினால் ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் தலை நீட்டக் கூடாது. ஜாக்கி இறங்க ஒரு நொடி போதும். டிரெயின் நட்டைக் கழற்றி வடிய விடுங்கள். ஃபில்டர் இந்த எஞ்சினில் மேலேயே, பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. கீழே ஆயில் வடியும்போதே மேலே ஃபில்டரைச் சற்றுத் தளர்த்திப் பத்து நிமிடம் விட்டால், அதற்குள் இருக்கும் ஆயிலும் இறங்கிவிடும், எடுக்கும்போது கொட்டாது. பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புது ஃபில்டரை ஏற்றினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று போதும். டிரெயின் நட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். முறுக்கம் 42 நியூட்டன் மீட்டர்.

முதலில் 5 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியைப் பார்த்துக்கொண்டே மீதியை ஊற்றுங்கள். அதன்பின் ஒவ்வொரு இரண்டாவது டேங்க் பெட்ரோலுக்கும் குச்சியைப் பார்ப்பது பழக்கமாகட்டும். பாக்ஸர் எஞ்சினில் ஆயில் குறைவாக இருக்கும்போது நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பினால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் எரியும். எச்சரிக்கை விளக்கு எரிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும். முன்னதற்கு 2.2 லிட்டர், பின்னதற்கு 1.15 லிட்டர். இங்கே ஒரு விதியைத் தவறவே விடாதீர்கள்: ஊற்றும் துளையின் நட்டை முதலில் கழற்றுங்கள், வடிக்கும் நட்டை அப்புறம். வடித்துவிட்ட பின் மேல் நட்டு துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால், ஆயிலே இல்லாத வண்டி அந்தரத்தில் நிற்கும். டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 ரக ஆயில். கியர்பாக்ஸுக்கு மேனுவலில் சொன்ன ரகமே வேண்டும். ஜிஎல்-5 ஆயில்கள் சிலவற்றில் உள்ள சேர்மானம், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளையைப் பாதிக்கும்.

குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இந்தக் கியர்பாக்ஸின் சுபாவம். அழுத்தித் திணிக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, மெல்லத் தள்ளினால் போதும். ஆயில் சூடேறியதும் வெண்ணெய்போல இறங்கும். சூடான பிறகும் கரகரத்தால்தான் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். மலைச்சாலை இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரை தொடுவது இதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிளட்ச் வேலை செய்வதும் இதே வகை ஆயிலில்தான்; அதையும் சேர்த்தே புதுப்பியுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.

பெட்ரோல் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 12.5:1 கம்ப்ரஷனுக்கு அதிக ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். குறைந்ததை ஊற்றினால் எஞ்சின் நாக் ஆகும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி எரிந்து தட்டும். கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளித் தன்னைக் காத்துக்கொள்ளும். அதற்கு விலையாக இழுவையும் மைலேஜும் குறையும்.

டயரும் வீலும்

எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில்தான் செலவிட முடியும் என்றால் அது இங்கே. வண்டி சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில் மட்டும்.

பல சந்தைகளில் முதல் தலைமுறை 86 வந்தது 215/45 ஆர்17 அளவில், மிஷலின் பிரைமசி எச்பி டயரோடு. அது அமைதிக்கும் மைலேஜுக்கும் செய்த டயர். பிடிமானம் குறைவாக இருப்பதால் வண்டி குறைந்த வேகத்திலேயே நழுவி விளையாடும். பழகுவதற்கு அது நல்லதே. மழையில் அன்றாடம் ஓட்டுபவர் அதே அளவில் நல்ல ஸ்போர்ட்ஸ் கோடை டயருக்கு மாறினால் பிரேக் தூரம் கண்கூடாகக் குறையும். ஆனால் கோடை டயர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துவிடும். குளிர் அதிகமுள்ள இடங்களில் குளிர்கால டயர் ஒரு செட் தனியாக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் ஆழம் எவ்வளவு இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரில் வேக ஓட்டம் வேண்டாம், ரப்பர் கெட்டியாகிவிடும். பட்டன் 3 மி.மீ.க்குக் குறைந்தால் மழையில் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் வண்டி மிதக்கத் தொடங்கும். காற்று, டயர் குளிர்ந்திருக்கும்போது 35 பிஎஸ்ஐ. மாதம் ஒருமுறை நீங்களே அளந்து பாருங்கள்.

வீல் நட்டுகளை 120 நியூட்டன் மீட்டரில், நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்க விட்டால் ஸ்டட் நீண்டுவிடும், பிரேக் டிஸ்க்கும் சமமாக அமராது. 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள். வேறு வீல் வாங்குவதாக இருந்தால் இந்தத் தலைமுறைக்கு ஐந்து துளை, 100 மி.மீ. வட்டம். 114.3 மி.மீ. வட்டத்தில் வரும் ஏராளமான வீல்கள் இதில் ஏறாது.

டயர் உள்ஓரம் மட்டும் தேய்ந்தால் டோ அளவு (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தப்பு. வீல் அலைன்மென்ட்டுக்குப் போகும்போது "சரி பண்ணிட்டோம்" என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். முன்னும் பின்னும் அளந்த தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

உட்காருவதிலிருந்து ஓட்டம் தொடங்குகிறது

சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து ஓட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள். கிளட்ச்சைத் தரைவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். தோள் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். சக்கரம் நழுவத் தொடங்குவது முதலில் இடுப்பில்தான் உணரப்படும். அதனால்தான் உடல் சீட்டோடு ஒட்டியிருப்பது இத்தனை முக்கியம்.

குளிர்ந்த எஞ்சினை 3,500 ஆர்பிஎம்முக்கு மேல் விரட்டாதீர்கள். எஞ்சின் தண்ணீரின் வெப்பம் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டால் போதாது. ஆயில் சூடேற அதைவிட நேரம் எடுக்கும். ஆயில் வெப்பம் காட்டும் மாடலில் 80 டிகிரி வரை பொறுங்கள். காட்டாத மாடலில், தண்ணீர் முள் நின்ற பின் இன்னும் பத்து நிமிடம்.

3,500-க்கும் 4,500-க்கும் இடையே எஃப்ஏ20 சோர்ந்து போவதுபோல இருக்கும். பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். அதன் டார்க் கோட்டில் அங்கே ஒரு பள்ளம் உண்டு. உச்ச டார்க் வருவது 6,400-இல், உச்ச பவர் 7,000-இல். முந்த வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒரு கியர் இறக்கி அந்தப் பள்ளத்தைத் தாண்டி நில்லுங்கள். 2022 மாடலாக வந்த 2.4 லிட்டர் எஞ்சினில் 3,700-லேயே உச்ச டார்க் வந்துவிடுவதால் இந்தக் கவலை இல்லை.

கியர் இறக்கும்போது ரெவ் மேட்ச் செய்யப் பழகுவது, அதாவது புது கியருக்கு ஏற்ற ஆர்பிஎம்முக்கு எஞ்சினை ஏற்றிவிட்டுக் கிளட்ச்சை விடுவது, கிளட்ச்சுக்கும் பின்சக்கரப் பிடிமானத்துக்கும் நல்லது. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதைக் கியர் விகிதமே சொல்கிறது. 86-இல் இரண்டாவது 2.188, மூன்றாவது 1.541, நான்காவது 1.213. நான்கிலிருந்து மூன்றுக்கு 3,000-இல் இறக்கினால் எஞ்சின் சுமார் 3,800-க்குப் போக வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு என்றால் கிட்டத்தட்ட 4,250. கிளட்ச்சை மிதித்து, கியரை மாற்றும்போதே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, முள் அங்கே ஏறியதும் கிளட்ச்சை விடுங்கள். தலை முன்னே ஆடினால் தட்டியது போதவில்லை. வண்டி துள்ளினால் அதிகம். முதலில் பிரேக் இல்லாமல் நேர்ச்சாலையில் இதைக் கை பழக்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டுவது இது தானாக வரத் தொடங்கிய பிறகு போதும். அவசரப்பட்டால் பிரேக் அழுத்தம்தான் ஏறி இறங்கும்.

வளைவில் எல்லாமே எடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிரேக் பிடித்தால் எடை முன்னே வரும், முன்டயர் கடிக்கும், பின்டயர் இலகுவாகும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நேரெதிர். எனவே வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்து, கியரையும் இறக்கி முடித்து, பிறகு திரும்புங்கள். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி இருங்கள். வெளியேறும் வாய் கண்ணில் பட்டதும், ஸ்டீயரிங்கை நேராக்கும் அளவுக்கு ஏற்ப மிதியைக் கூட்டுங்கள். புதியவர்கள் பின்சக்கர வண்டியைச் சுழற்றிவிடுவது பெரும்பாலும் அதிகமாக மிதித்ததால் இல்லை. வளைவுக்குள் வேகம் அதிகம் என்று பயந்து காலைச் சட்டென்று எடுத்ததால். எடை முன்னே பாய்கிறது, பின்பக்கம் பிடியை விடுகிறது.

பின்பக்கம் நழுவினால் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கை கண்ணைத் தொடரும். நழுவும் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பி, மிதியை மெல்லத் தளர்த்தி, பின்டயர் பிடித்த அடுத்த கணமே ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். நேராக்கத் தாமதித்தால் வண்டி எதிர்ப்பக்கம் இன்னும் வேகமாக வீசும். மீறிப் போய்விட்டால் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து முழுக்க மிதியுங்கள். இதையெல்லாம் பொதுச்சாலையில் கற்க முடியாது. ஈரத்தரைப் பயிற்சித் தளத்தில் பயிற்றுநரோடு ஒரு நாள் செலவிட்டால், அந்தப் பணம் எந்தச் சைலன்சரையும்விட உங்களை வேகமாக்கும். வண்டி சறுக்காமல் காக்கும் விஎஸ்சியை அணைக்கும் பொத்தானைச் சாலையில் தொடவே வேண்டாம்.

பாகம் மாற்றுவதானால்

முதலில் பிரேக் பேட், பிறகு முன்சக்கரத்தின் சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட். 86-இன் முன்சக்கரங்கள் கிட்டத்தட்ட நேராக நிற்பவை. வளைவில் வெளிஓரமே சுமை தாங்கித் தேயும். கேம்பர் போல்ட் வைத்து ஒரு டிகிரி உள்ளே சாய்த்தால் முன்பிடிமானம் தெளிவாகக் கூடும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஷாக் அப்சார்பர் அடிவரை மோதி, வண்டி மேடுபள்ளத்தில் பிடியை இழக்கும். மாற்றிய எதுவானாலும் இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறைத்த ஒரே ஒரு மாற்றம் முழு இழப்பீட்டையும் முடக்கலாம்.

டிராக்குக்குப் போகும் நாளில் காற்றைக் குளிர்ந்த நிலையில் 29, 30 பிஎஸ்ஐக்கு இறக்கி, ஒவ்வொரு முறை ஓட்டி முடித்து வந்ததும் சூட்டிலேயே அளந்து, 34, 35-இல் நிற்கும்படி சரிசெய்யுங்கள். தொடக்கத்தில் ஒரு முறைக்கு நான்கைந்து லேப் போதும். கடைசி லேப்பில் பிரேக்கையே தொடாமல் மெல்ல ஓட்டி எல்லாம் ஆறட்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள்; கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். 2.4 லிட்டர் வண்டிக்காரர்கள் நீண்ட வலது வளைவுகளில் ஆயில் அழுத்தத்தைக் கவனியுங்கள். ஆயில் குச்சியின் மேல்கோடு வரை இருப்பதும், ஆயில் பானைக் கழற்றி உறிஞ்சும் வலையில் சீலன்ட் துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவதும் அவசியம்.

அன்றாடத்துக்குச் சில. பின்சீட்டு ஆளுக்கு இல்லை, பைக்கு. ஆனால் அதை மடித்தால் நான்கு வீல்களை வண்டிக்குள்ளேயே ஏற்றிப் போகலாம். கதவு நீளமானது, ஒடுங்கிய இடத்தில் நிறுத்தும்போது நினைவில் வையுங்கள். ரிவர்ஸ் முதல் கியருக்கு இடப்பக்கம். குமிழுக்குக் கீழுள்ள வளையத்தைத் தூக்கினால்தான் விழும். கதவுக்குச் சட்டம் இல்லாததால் திறக்கும்போது கண்ணாடி அரை அங்குலம் தானாக இறங்கும். பேட்டரி தீர்ந்துவிட்டால் அது இறங்காது. அந்த நேரத்தில் கதவை அறைந்து சாத்தினால் கண்ணாடி ரப்பர் பட்டையில் மோதும். வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் பேட்டரிக்கு மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டி, டயரில் 5 பிஎஸ்ஐ கூட்டி, ஹேண்ட்பிரேக் விடுவித்து வையுங்கள்.